சிடி எண்ணிலிருந்து ‘எத்தனை மடங்கு’ வரை: கியூபிசிஆர் கணக்கை முதன்முதலாகப் போடுபவருக்கு

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நம் வீடுகளில் ஒரு சொல் புழங்கியது: சிடி வேல்யூ. “அப்பாவுக்கு 18 வந்திருக்கு, தங்கச்சிக்கு 29” என்று ரிப்போர்ட்டைப் பார்த்துப் படித்தார்கள். 35-க்குள் இருந்தால் பாசிட்டிவ் என்பது ஐசிஎம்ஆர் சொன்ன எல்லை. எண் குறையக் குறைய வைரஸ் அதிகம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் 18-க்கும் 29-க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், ‘பதினொன்று’ என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள். உண்மையில் அந்த இரண்டு குழாய்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஏறத்தாழ 2,000 மடங்கு.

அதே சிடி எண்தான் உயிரியல் ஆய்வகத்தில் வேறொரு கேள்விக்கும் பதில் தருகிறது. ஒரு மரபணு இந்தத் திசுவில், இந்த நிலைமையில், எவ்வளவு வேலை செய்கிறது? உப்பில் நிற்கும் நெல் நாற்றில் அது முடுக்கிவிடப்படுகிறதா, அடங்கிப்போகிறதா? ரன் முடிந்ததும் கியூபிசிஆர் இயந்திரம் 96 குழிகளுக்கும் 96 சிடி எண்களை எக்ஸெல் தாளில் கொட்டிவிடும். அங்கிருந்து ‘17 மடங்கு கூடியது’ என்ற ஒற்றை வரிக்கு வந்து சேர வேண்டும். புதிதாக வரும் மாணவர்கள் பலர் இந்த இடத்தில் சீனியர் கொடுத்த எக்ஸெல் ஃபைலில் எண்களை ஒட்டி, கடைசிக் கட்டத்தில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த ஃபைலுக்குள் இருப்பது இரண்டு கழித்தலும் ஓர் அடுக்கும்தான். பள்ளிக்கூடக் கணக்கு. ஒவ்வொரு படியும் எதற்காக என்று புரிந்துவிட்டால், எண் தப்பாக வரும் நாளில் எங்கே தப்பியது என்பதும் தானே கண்ணில் படும்.

உறைமோரும் சிடியும்

ஒரே அளவு வெதுவெதுப்பான பால், ஒரே மாதிரி இரண்டு பாத்திரம். ஒன்றில் ஒரு கரண்டி உறைமோர் விடுகிறோம், இன்னொன்றில் நாலே சொட்டு. விடிந்து பார்த்தால் இரண்டும் தயிர்தான். எதில் எவ்வளவு உறை விட்டோம் என்று தயிரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ராத்திரி கண்விழித்து, எது எத்தனை மணிக்குத் தோயத் தொடங்கியது என்று பார்த்திருந்தால் சொல்லிவிடலாம். முதலில் தோய்ந்ததில்தான் உறை அதிகம்.

பழைய பிசிஆர் விடிந்த பிறகு தயிரைப் பார்ப்பது போன்றது. கேரி முல்லிஸ் 1983-இல் கண்டுபிடித்த அந்த முறையில், குழாயைச் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்கும் ஒவ்வொரு சுழற்சியிலும் நமக்கு வேண்டிய டிஎன்ஏ துண்டு இரட்டிப்பாகிறது. 35 சுழற்சி முடிந்து ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது ப்ரைமரும் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) மற்ற சரக்கும் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். குறைவாகத் தொடங்கியதும் அதிகமாகத் தொடங்கியதும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நிற்கும். 1990-களின் தொடக்கத்தில் ரஸ்ஸல் ஹிகுச்சியின் குழு குழாய்க்குள்ளேயே ஒளிரும் சாயத்தைப் போட்டு, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒளியை அளந்தது. கண்விழித்துப் பார்க்கும் வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது. அதுதான் ரியல்டைம் பிசிஆர், அல்லது கியூபிசிஆர்.

ஒளி ஏறும்போது திரையில் ஒரு வளைகோடு வரும். முதலில் தரையோடு தரையாகக் கிடக்கும், பிறகு சட்டென்று எழும், கடைசியில் சமதளமாகும். எழும் பகுதியில் குறுக்கே ஒரு கோடு போடுகிறோம். அதுதான் த்ரெஷோல்டு. வளைகோடு அந்தக் கோட்டை எத்தனையாவது சுழற்சியில் தொடுகிறதோ அதுவே சிடி. சில கட்டுரைகளில் சிக்யூ என்று இருக்கும். கியூபிசிஆர் முடிவுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2009-இல் வந்த எம்ஐக்யூஇ வழிகாட்டுதல்கள் அந்தப் பெயரைப் பரிந்துரைத்தன. எண் ஒன்றுதான்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கொரோனா டெஸ்டின் ஆர்டிபிசிஆரில் வரும் ஆர்டி ‘ரியல்டைம்’ அல்ல, ‘ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன்’. மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து எம்ஆர்என்ஏ நகல்கள் உருவாகின்றன. அந்த நகல்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதையே மரபணு வெளிப்பாடு என்று அளக்கிறோம். பிசிஆர் நொதிக்கு டிஎன்ஏ வேண்டும், ஆர்என்ஏ ஆகாது. ஆகவே முதலில் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் நொதியைக் கொண்டு சிடிஎன்ஏ தயாரிக்கிறோம். ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் 1970-இல் தனித்தனியாகக் கண்டுபிடித்த நொதி அது. பிசிஆர் குழிக்குள் போவது இந்த சிடிஎன்ஏதான்.

சிடி என்பது அளவு அல்ல, படி

இதை மட்டும் மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ளச் சொல்லி என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன். சிடி ஓர் அளவு அல்ல. கோட்டைத் தொட எத்தனை முறை இரட்டிக்க வேண்டியிருந்தது என்ற எண்ணிக்கை. ஒரு சாம்பிள் இன்னொன்றைவிட ஒரு சுழற்சி தாமதமாக வந்தால், அதில் ஆரம்பத்தில் இருந்தது பாதி. இரண்டு சுழற்சி தாமதம் என்றால் கால். மூன்று என்றால் அரைக்கால். நான்கு என்றால் மாகாணி. நம் பழைய பின்னக் கணக்கு பாதி பாதியாகத்தான் இறங்கும். சிடி ஒவ்வொன்று கூடும்போதும் அந்தப் படியில் ஓர் அடி கீழே போகிறோம். பத்துப் படி இறங்கினால் 1,024-இல் ஒரு பங்கு. அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் இடையே இருந்த 11 படி, 2,048 மடங்கு.

அதனால் சிடி எண்களைக் கழிக்கலாம், வகுக்கக் கூடாது. ‘கன்ட்ரோல் 30, ட்ரீட்மென்ட் 15, ஆகவே இரண்டு மடங்கு’ என்று ஒருவர் எழுதினால் அந்த வரிக்குப் பொருளே இல்லை. இடையே இருப்பது 15 படி, அதாவது 32,768 மடங்கு.

சரி, சிடியைக் கழித்தால் போதுமா? போதாது. இங்கேதான் ஒப்பீடு என்ற சொல் உள்ளே வருகிறது.

குழிக்குள் எவ்வளவு போட்டோம்?

நாற்றின் வேரைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உரலில் அரைத்து, ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு வேரில் மாவு நன்றாகப் பொடிந்தது, இன்னொன்றில் கொஞ்சம் நார் மிஞ்சியது. ஒரு டியூபில் ஆர்என்ஏ படிவைக் கழுவும்போது ஓரமாகச் சிறிது போய்விட்டது. நானோடிராப் என்ற அளவீட்டுக் கருவியில் அளந்து எல்லாவற்றிலிருந்தும் ஒரு மைக்ரோகிராம் எடுத்தோம் என்றாலும், அந்த அளவீட்டிலேயே பிழை உண்டு. சிடிஎன்ஏ ஆக்கும் நொதி ஒவ்வொரு குழாயிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கடைசியில் பிப்பெட் முனையில் ஒட்டிக்கொண்ட துளி வேறு. ஆக, நாம் அளக்க வந்த இலக்கு மரபணு ஒரு சுழற்சி தாமதமாக வந்தால், அது உண்மையிலேயே பாதியானதா, அல்லது குழிக்குள் போன மொத்தச் சரக்கே பாதியா என்று தெரியாது.

இதற்கான தீர்வு எளிமையானது. அதே சாம்பிளில், நிலைமை எப்படி மாறினாலும் தான் மாறாத இன்னொரு மரபணுவையும் அளக்கிறோம். லேபில் ஹவுஸ்கீப்பிங் ஜீன் என்போம், ஆதார மரபணு என்று சொல்லலாம். சரக்கு பாதியாகப் போயிருந்தால் ஆதார மரபணுவும் ஒரு சுழற்சி தாமதமாகும், இலக்கும் ஒரு சுழற்சி தாமதமாகும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்தத் தாமதம் இரண்டிலிருந்தும் போய்விடும். முதல் கழித்தல் இதற்காகத்தான். இரண்டாவது கழித்தல்தான் நாம் கேட்க வந்த கேள்வி: கன்ட்ரோலைவிட ட்ரீட்மென்டில் எவ்வளவு?

கென்னத் லிவாக்கும் தாமஸ் ஷ்மிட்கனும் 2001-இல் எழுதிய கட்டுரை இந்த முறையைப் பரவலாக்கியது. ‘டெல்டா டெல்டா சிடி’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். டெல்டா என்றால் வித்தியாசம். வித்தியாசத்தின் வித்தியாசம், அவ்வளவே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நெல்லில் ராப்16ஏ என்று ஒரு மரபணு இருக்கிறது. உப்பு, வறட்சி, அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் ஆகியவற்றால் தூண்டப்படுவது என்று நன்கு தெரிந்த மரபணு. கன்ட்ரோல் நாற்றுகள் 3, 150 மில்லிமோலார் உப்புக் கரைசலில் 24 மணி நேரம் நின்றவை 3 என்று வைத்துக்கொள்வோம். ஆதார மரபணு யுபிக்யூ5, அதாவது ஒரு யுபிக்விட்டின் மரபணு. கீழே இருப்பவை கணக்கு புரிவதற்காக நானே வைத்த எண்கள். ஒவ்வொன்றும், ஒரே சாம்பிளை மூன்று குழிகளில் போட்டு வந்த சிடிகளின் சராசரி.

கன்ட்ரோல் 1: ராப்16ஏ 27.3, யுபிக்யூ5 18.2
கன்ட்ரோல் 2: ராப்16ஏ 27.5, யுபிக்யூ5 18.6
கன்ட்ரோல் 3: ராப்16ஏ 27.4, யுபிக்யூ5 18.1
உப்பு 1: ராப்16ஏ 24.2, யுபிக்யூ5 19.4
உப்பு 2: ராப்16ஏ 24.0, யுபிக்யூ5 18.9
உப்பு 3: ராப்16ஏ 24.7, யுபிக்யூ5 19.6

முதல் கழித்தல்: ஒவ்வொரு நாற்றிலும், இலக்கின் சிடியிலிருந்து ஆதாரத்தின் சிடியைக் கழிக்கிறோம். கன்ட்ரோலில் 9.1, 8.9, 9.3. சராசரி 9.1. உப்பில் 4.8, 5.1, 5.1. சராசரி 5.0. இவை டெல்டா சிடி. எந்த நாற்றின் ராப்16ஏவோ, அதே நாற்றின் யுபிக்யூ5-ஐத்தான் கழிக்க வேண்டும். ஆதாரத்துக்கு மொத்தமாக ஒரு சராசரி எடுத்து எல்லாவற்றிலிருந்தும் அதையே கழித்தால், குழாய்க்குக் குழாய் சரக்கு மாறியதைச் சரிசெய்யவே இல்லை என்று பொருள்.

இரண்டாம் கழித்தல்: உப்பின் சராசரியிலிருந்து கன்ட்ரோலின் சராசரி. 5.0 – 9.1 = –4.1. இது டெல்டா டெல்டா சிடி.

இனி அடுக்கு. குறியைத் திருப்பி, 2-இன் அடுக்காக வைக்கிறோம். 2-இன் அடுக்கு 4.1 என்றால் 17.1. உப்பில் நின்ற நாற்றில் ராப்16ஏ சுமார் 17 மடங்கு.

இப்போது ஒரு நிமிடம் நின்று, ஆதார மரபணுவை விட்டுவிட்டு இதே கணக்கைப் போட்டால் என்ன வந்திருக்கும் என்று பாருங்கள். ராப்16ஏவின் சராசரி சிடி கன்ட்ரோலில் 27.4, உப்பில் 24.3. வித்தியாசம் 3.1. அதாவது 8.6 மடங்கு. விடை சரியாகப் பாதியாகிவிட்டது. காரணம் யுபிக்யூ5 வரிசையில் இருக்கிறது. கன்ட்ரோலில் அதன் சராசரி 18.3, உப்பில் 19.3. உப்புச் சாம்பிள்களில் மொத்தச் சரக்கே பாதிதான் போயிருக்கிறது. எத்தனையோ முறை இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இந்த ஒரு சுழற்சி, விடையில் இரட்டிப்பாக வந்து நிற்பதைப் பார்க்கும்போது இன்னமும் மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

குறியில் தடுமாறாதவர் கிடையாது. டெல்டா டெல்டா சிடி மைனஸில் வந்தால் மரபணு கூடியிருக்கிறது, பிளஸ்ஸில் வந்தால் குறைந்திருக்கிறது. சீக்கிரம் வந்தவர் அதிகம் என்று நினைவில் வைத்தால் போதும். +2 வந்தால் 2-இன் அடுக்கு –2, அதாவது 0.25. ‘கால் பங்காகக் குறைந்தது’ என்று எழுதுங்கள். சிலர் இதையே ‘–4 மடங்கு’ என்று எழுதுவார்கள். புரிந்துகொள்ள முடியும் என்றாலும், படம் வரையும்போது 1-க்கும் –1-க்கும் இடையே எதுவுமே இல்லாத விநோதமான அச்சு கிடைக்கும். மடங்கை லாக் 2-இல் வரைவது எவ்வளவோ மேல். கூடுவதும் குறைவதும் பூஜ்ஜியத்துக்கு இருபுறமும் சம தூரத்தில் நிற்கும்.

எப்போதும் இரண்டு மடங்குதானா?

மேலே போட்ட கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ சரியாக இரட்டிக்கிறது என்ற நம்பிக்கை. எல்லா ப்ரைமரும் அப்படி நடந்துகொள்வதில்லை. ப்ரைமர் சரியாக ஒட்டாமல் போகலாம், செடியிலிருந்து வந்த பாலிஃபீனால் போன்ற வேதிப்பொருள் நொதியைத் தடுக்கலாம்.

சோதிப்பது சுலபம். ஒரு சிடிஎன்ஏவைப் பத்தில் ஒன்றாக நான்கு முறை நீர்த்து, ஐந்து செறிவிலும் சிடி பாருங்கள். சரியாக இரட்டித்தால், ஒவ்வொரு பத்து மடங்கு நீர்ப்புக்கும் சிடி 3.32 கூட வேண்டும், ஏனென்றால் 2-இன் அடுக்கு 3.32 தான் 10. செறிவின் லாக் ஒரு பக்கம், சிடி இன்னொரு பக்கம் வைத்துக் கோடு வரைந்தால் சரிவு –3.32 வரும். சரிவு –3.58 என்றால் ஒரு சுழற்சியில் பெருகுவது 1.9 மடங்கு, அதாவது 90 சதவீதத் திறன். –3.1 என்றால் 2.1 மடங்கு. 90-க்கும் 110-க்கும் இடையே இருந்தால் பொதுவாக ஏற்கிறார்கள். நூற்றுக்கு மேல் எப்படி வரும் என்று கேட்பீர்கள். இரட்டிப்புக்கு மேல் யாராலும் பெருக முடியாதுதான். செறிவு மிகுந்த முதல் குழிகளில் தடுப்புப் பொருளும் அதிகமாக இருந்து அவற்றின் சிடியைத் தள்ளிவிட்டால், கோடு படுத்துவிடும். பிப்பெட் பிழையும் அப்படிக் காட்டும்.

1.9-க்கும் 2-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். நம் கணக்கிலேயே பார்ப்போம். யுபிக்யூ5 சரியாக 2, ராப்16ஏ மட்டும் 1.9 என்று வைத்தால் லிவாக் முறை பொருந்தாது. அதே 2001-இல் மைக்கேல் ஃபாஃபிள் எழுதிய முறைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மரபணுவுக்கும் அதன் சொந்தப் பெருக்கத்தையே அடியாக வைத்துத் தனித்தனியாக மடங்கு கண்டு, கடைசியில் வகுப்பது அது. ராப்16ஏவுக்கு 1.9-இன் அடுக்கு 3.1, அதாவது 7.3. யுபிக்யூ5-க்கு 2-இன் அடுக்கு –1, அதாவது 0.5. 7.3-ஐ 0.5-ஆல் வகுத்தால் 14.6. திறன் 1.8 ஆக இருந்தால் 12.4. 17 என்று எழுதியது 12 ஆகிவிட்டது. அடுக்கில் உட்கார்ந்திருக்கும் பிழை சுழற்சிக்குச் சுழற்சி வளரும். புது ப்ரைமர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக இந்த நீர்ப்பு வரிசையைப் போட்டுவிடுங்கள். ஒரு நாள் வேலை.

மாறாதது என்று யார் சொன்னது?

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் அக்கறையுள்ள இடம் ஆதார மரபணு. அதற்குக் காரணம் உண்டு. ஆராய்ச்சிக்கு வந்த முதல் வருடம், உப்பிட்ட வேர்களில் ஆக்டின் என்ற புரதத்தின் மரபணுவை ஆதாரமாக வைத்து ஒரு மரபணுவை அளந்தேன். 4 மடங்கு கூடியதாக வந்தது. மூன்று முறை திரும்பச் செய்தேன், மூன்று முறையும் அதே 4. திரும்பத் திரும்ப வந்ததே உண்மை என்று நம்பி வாராந்தரக் கூட்டத்தில் காட்டினேன். “டெல்டாவை விடு, கழிக்காத சிடியைக் காட்டு” என்றார் ஒரு மூத்தவர். காட்டினேன். என் இலக்கு மரபணு கன்ட்ரோலிலும் உப்பிலும் 25-இலேயே நின்றது. ஆக்டின்தான் 19-இலிருந்து 21-க்குப் போயிருந்தது. எல்லாக் குழியிலும் ஒரே அளவு சிடிஎன்ஏதான் என்பதை வேறு இரண்டு மரபணுக்களை வைத்து உறுதிசெய்த பிறகு, விஷயம் வெளிப்பட்டது. உப்பில் ஆக்டின் 4 மடங்கு இறங்கியிருக்கிறது. அந்த இறக்கத்தைத்தான் இலக்கின் ஏற்றமாக நான் படித்திருக்கிறேன். கழித்தல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. கழிக்கக் கொடுத்த எண்தான் தவறு.

அதனால் ஆக்டின், ஜிஏபிடிஹெச் என்று பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம். ஜிஏபிடிஹெச் சர்க்கரையைச் சிதைக்கும் பாதையில் வேலை செய்யும் நொதி. ஆக்ஸிஜன் குறைந்த செல்களில், புற்றுநோய்த் திசுக்களில் அது மாறும். நெல்லிலேயே, தில்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்துக் குழு 2006-இல் பல ஆதார மரபணுக்களை ஒப்பிட்டது. வெவ்வேறு திசுக்களுக்கு இடையே யுபிக்யூ5-உம் ஈஈஎஃப்1 ஆல்ஃபாவும் நிலையாக இருந்தன. வெவ்வேறு சூழல்களில் வளர்ந்த செடிகளுக்கோ 18எஸ், 25எஸ் ரிபோசோம் ஆர்என்ஏக்கள் நிலையாக இருந்தன. ஒரே பயிரில், கேள்வி மாறினால் ஆதாரமும் மாறுகிறது. 18எஸ்ஸிலும் வேறு சிக்கல் இருக்கிறது. அது செல்லில் மலைபோல் கிடப்பதால் சிடி மிகச் சீக்கிரம் வந்துவிடும், தரைக்கோட்டைச் சரியாகக் கழிப்பதே கடினம். எம்ஆர்என்ஏவின் நுனியில் இருக்கும் பாலி-ஏ வாலும் அதற்கு இல்லை, ஆகவே அந்த வாலில் ஒட்டும் ஒலிகோ டிடி ப்ரைமரால் சிடிஎன்ஏவைத் தயாரித்திருந்தால் 18எஸ்ஸை நம்ப முடியாது.

செய்ய வேண்டியது: நான்கைந்து மரபணுக்களை உங்கள் சாம்பிள்களிலேயே ஓட்டிப் பாருங்கள். எவை நிலையாக நிற்கின்றன என்று ஜீநார்ம், நார்ம்ஃபைண்டர் போன்ற நிரல்கள் வரிசைப்படுத்தும். இரண்டோ மூன்றோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சாம்பிளிலும் அவற்றின் சிடிகளைச் சராசரி எடுத்து, அதைக் கழியுங்கள். சிடியின் சாதாரணச் சராசரி, அளவில் பார்த்தால் பெருக்குச் சராசரிக்கு (ஜியோமெட்ரிக் மீன்) சமம், பெருக்கத் திறன் ஒத்திருக்கும்வரை. 2002-இல் யோ வாண்டசோம்பேலின் குழு ஜீநார்மோடு சேர்த்துச் சொன்னதும் பெருக்குச் சராசரியைத்தான். மேலே நான் ஒற்றை யுபிக்யூ5-ஐ வைத்தது கணக்கு சுருக்கமாக இருக்கட்டும் என்பதற்காக.

மூன்று குழி, மூன்று நாற்று

ஒரே சிடிஎன்ஏவை மூன்று குழிகளில் போடுவது பிப்பெட்டைச் சோதிக்க. மூன்று தனி நாற்றுகளை எடுப்பது உயிரைச் சோதிக்க. முதல்வகை மூன்றும் 0.3 சிடிக்குள் நெருங்கியிருந்தால் நல்லது. அவற்றைச் சராசரி எடுத்து ஒரே எண்ணாக்கிவிட வேண்டும். அதன் பிறகு அவை மூன்று என்று யாரிடமும் சொல்லக் கூடாது. ஒரு நாற்றை ஒன்பது குழியில் போட்டாலும் அது ஒரு நாற்றுதான். புள்ளியியலில் எண்ணிக்கையாக எழுத வேண்டியது நாற்றுகளை.

இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட்டைப் போடும் இடமும் முக்கியம். மடங்கின் மேல் போடாதீர்கள், டெல்டா சிடியின் மேல் போடுங்கள். மடங்கு ஒரு பக்கமாகச் சாயும் எண். கன்ட்ரோல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியான 9.1-லிருந்து அவை 0, –0.2, +0.2 விலகுகின்றன, அழகான சமச்சீர். அவற்றை மடங்காக்கினால் 1, 1.15, 0.87. சராசரி 1.006. சமச்சீர் அங்கேயே உடைந்துவிட்டது. சிதறல் கூடும்போது இந்தச் சாய்வு மிக மோசமாகும். ஆகவே டெல்டா சிடியில் எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை அடுக்குக்கு மாற்றுங்கள்.

நம் எண்களில் கன்ட்ரோலின் திட்ட விலக்கம் 0.20, உப்பின் திட்ட விலக்கம் 0.17. இரண்டையும் சேர்த்து 4.1-க்கு 95 சதவீத நம்பக இடைவெளி கண்டால் 3.68 முதல் 4.52 வரை வரும். இதை அடுக்காக்கினால் 12.8 முதல் 23.0 வரை. 17.1-க்குக் கீழே 4.3 தூரம், மேலே 5.9 தூரம். பிழைக்கோடு மேலே நீளமாகவும் கீழே குட்டையாகவும்தான் இருக்க வேண்டும். மேலும் கீழும் அச்சுப் பிசகாமல் ஒரே நீளத்தில் இருக்கும் பிழைக்கோட்டைப் பார்த்தால், அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள்.

கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைபர் கிரீன் சாயம் எந்த இரட்டை இழையோடும் ஒட்டும். ஆகவே மெல்ட் கர்வில், அதாவது கடைசியில் மெல்லச் சூடாக்கி இழைகள் பிரிவதைக் காட்டும் வளைகோட்டில், ஒரே ஒரு முகடு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் மட்டும் போட்ட குழியில் சிடி வந்தால் எங்கோ மாசு, அல்லது ப்ரைமர்கள் தமக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், அதாவது சிடிஎன்ஏ எழுதும் நொதி, போடாமல் தயாரித்த சாம்பிளின் குழியில் வந்தால் ஜீனோம் டிஎன்ஏ கலந்திருக்கிறது. ஒரு மரபணுவுக்கு எல்லாச் சாம்பிளிலும் ஒரே த்ரெஷோல்டு. ‘அன்டிடெர்மின்டு’ (கோட்டைத் தொடவே இல்லை) என்று வந்த இடத்தில் பூஜ்ஜியம் போட்டுவிடாதீர்கள். சிடி பூஜ்ஜியம் என்றால் ஒரு முறைகூட இரட்டிக்காமலே கோட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள், உலகிலேயே அதிக அளவு.

சரி, 17.1 கிடைத்துவிட்டது. அது எதைச் சொல்கிறது? கன்ட்ரோலில் டெல்டா சிடி 9.1 என்பதால், ராப்16ஏ நகல்கள் யுபிக்யூ5 நகல்களில் சுமார் 549-இல் ஒரு பங்கு. உப்பில் டெல்டா சிடி 5.0, அதாவது 32-இல் ஒரு பங்கு. இரு வேறு ப்ரைமர்களுக்கு இடையேயான ஒப்பீடு என்பதால் இது தோராயம்தான். ஆனாலும் 17 மடங்கு கூடிய பிறகும் அது யுபிக்யூ5 பக்கத்தில்கூட வரவில்லை என்பது தெரிகிறது. புரதமும் 17 மடங்கு கூடியதா என்று இந்தக் கணக்கு சொல்லாது. நாம் எண்ணியது எம்ஆர்என்ஏவை. அதே நாற்றின் வேரை 24 மணிக்குப் பதிலாக 6 மணி நேரத்தில் வெட்டியிருந்தால், அல்லது வேருக்குப் பதில் இலையை அரைத்திருந்தால், இன்னொரு எண் வரும். அதனால் படத்துக்குக் கீழே எழுதும்போது இத்தனையும் இருக்கட்டும்: வேர், 150 மில்லிமோலார் உப்பு, 24 மணி நேரம், அதே வயதுக் கன்ட்ரோல் நாற்றுகளோடு ஒப்பிட்டு, யுபிக்யூ5-ஐ ஆதாரமாகக் கொண்டு, பக்கத்துக்கு மூன்று நாற்று, ப்ரைமர் திறன் இவ்வளவு. அப்போதுதான் இன்னொரு லேபில் இருப்பவர் அதே நாற்றை வளர்த்து, அதே 17-க்கு வர முடிகிறதா என்று பார்க்க முடியும்.